நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிய அண்ணனுக்கு

என் செல்ல அண்ணனே,

உன்னை அண்ணன் என்று கூப்பிட எனக்கே சிரிப்பு வருகிறது. நீ இந்த உலகத்தில் இருந்தது சில வாரம்தான். எனக்கோ காதோரம் நரை விழுந்துவிட்டது. இருந்தாலும் எனக்கு முந்திப் பிறந்தவன் நீ. முறை என்றால் முறைதான்.

இந்தக் கடிதத்தை நான் எழுதக்கூடாதாம். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் தவறிப்போன பிள்ளையைப் பற்றிப் பேசக்கூடாது, நினைக்கவும் கூடாது என்று நம் சனங்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. நான் மடியில் உன் மருமகளைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் போனைப் பிடித்து, கட்டைவிரலால் தட்டித் தட்டி இதை எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும். ஆமாம் அண்ணா, எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். நீ மாமன் ஆகிவிட்டாய்!

உனக்கு எங்கள் கதை எதுவும் தெரியாதே, முதலில் அதைச் சொல்கிறேன். நீ பிறந்தது போர்ட் பிளேருக்குத் தெற்கே கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், லயம் என்போமே, அதில். நம் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து சிறுபிள்ளைகளாகக் கப்பலேறி வந்தவர்கள். கட்சாலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் குடும்பம் நடத்தினார்கள். நீ முதல் பிள்ளை. உனக்குப் பின்னால் நான். நான் பிறந்ததும் என்னைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, பிச்சையம்மாள் என்று பேர் வைத்தார்கள். முந்தின பிள்ளை தவறிப்போன வீட்டில் அப்படிச் செய்தால் எமன் ஏமாந்துபோவானாம். அந்தத் தீவில் தவிட்டுக்கு எங்கே போனார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இங்கே போர்ட் பிளேரில் எந்த ஆபீசுக்குப் போனாலும் என் பேரைக் கேட்டுவிட்டு, "மத்லப் க்யா ஹை?" என்பார்கள். பிச்சை எடுத்து வாங்கிய பிள்ளை என்று அர்த்தம் சொல்ல முடியுமா? "தேவி கா நாம் ஹை" என்று, அம்மன் பேராக்கி, ஒரு போடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தபோது பேரை மாற்றிக்கொள் என்று சொன்னவர்கள் உண்டு. நான் மாற்றவில்லை. உன்னால் எனக்கு வந்த பேர் அது, உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

உனக்குப் பேரே வைக்கவில்லை என்றுதான் லயத்து ஆட்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். முப்பது கழிந்து தொட்டில் போடும்போது வைக்கலாம் என்று இருந்தார்களாம், அதற்குள் நீ போய்விட்டாயாம். ஆனால் லயம் முழுக்க உன்னை ஒரு பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளை. அழமாட்டான், சிணுங்கமாட்டான், ஆத்தாவைத் தொந்தரவு பண்ணமாட்டான், போட்ட இடத்தில் தூங்குவான். வருகிறவள் போகிறவள் எல்லாம் உன்னைப் பார்த்துவிட்டு, "கொடுத்து வச்சவடி நீ" என்று அம்மாவை மெச்சியிருக்கிறார்கள். பிள்ளை பெற்ற உடம்பு, அம்மாவும் நீ தூங்கும்போதெல்லாம் கண்ணை மூடியிருக்கிறாள். ஒரு நாள் காலையில் நீ எழும்பவே இல்லை.

அன்றைக்குப் பிறகு அந்த மெச்சின வாயெல்லாம் எப்படித் திரும்பியது தெரியுமா? "தாய் தூங்கிட்டா, பிள்ளை போயிருச்சு." அவ்வளவுதான் தீர்ப்பு. தூங்க வை தூங்க வை என்றவர்களும் அவர்கள்தான், ஏன் தூங்கினாய் என்று ஏசியவர்களும் அவர்கள்தான். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆட்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடு இல்லை. இருந்தால் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

அதற்கப்புறம் அம்மாவுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. லயத்தில் எந்தப் பச்சைப்பிள்ளை தூங்கினாலும் போய் எழுப்பிப் பார்ப்பாள். காலைச் சுண்டுவாள், காதைத் தேய்ப்பாள். அது வீறிட்டு அழுதால்தான் அவளுக்கு மூச்சு வரும். நன்றாகப் பால் குடித்துவிட்டு அயர்ந்து தூங்குகிற பிள்ளையையும் விடமாட்டாள், அதனால் தாய்மார்களுக்கு இவளைக் கண்டாலே எரிச்சல். கடைசியில் ஒருத்தி வாசலிலேயே மறித்து நிறுத்தி, "எழுப்ப வேண்டிய அன்னிக்கு உன் பிள்ளைய எழுப்பல, இப்ப எம் பிள்ளைய எழுப்ப வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு சரி. பிள்ளை பிறந்த வீட்டுப் பக்கமே அம்மா போவதில்லை. "என் கை ராசியில்லாத கை" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அப்பாவும் உன்னைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. அங்கே உன்னைப் பார்த்தாரா? பார்த்தால் அடையாளம் தெரிந்திருக்குமா?

உன்னைப் புதைத்த தென்னந்தோப்பும் இப்போது இல்லை. சுனாமியன்று கட்சாலில் உள்ளே வந்த கடல், எடுத்துக்கொண்ட இடத்தைத் திருப்பித் தரவே இல்லை. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. மேட்டுத் தோட்டத்தில் ரப்பர் மரத்துக்கடியில் ஒண்டிக் கிடந்தபோது அம்மா அடிக்கடி எழுந்து கடலைப் பார்த்தாள். வீட்டைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். இப்போதுதான் தெரிகிறது, உன்னைத்தான் தேடியிருக்கிறாள்.

சரி, உன் மருமகள் கதைக்கு வருகிறேன்.

கல்யாணமாகி வெகு காலம் காத்திருந்து பிறந்தவள் இவள். நாங்கள் இங்கே போர்ட் பிளேரில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம், உன் மச்சான் செல்வம் அரசாங்க ஆபீஸில் டிரைவர். பிரசவத்துக்கு மெயின்லேண்டிலிருந்து, சிவகங்கைப் பக்கத்திலிருந்து, அத்தை பிளேனில் வந்தார். செல்வத்தின் அம்மா. அம்மா கட்சாலிலிருந்து கப்பலில் வந்தாள், ஒரு சின்ன ரெக்சின் பையோடு. வந்தவள் பிள்ளையைத் தூரத்தில் நின்று பார்த்தாள். "மூக்கு உன்ன மாதிரி" என்றாள். தொடவில்லை.

எங்கள் பழைய கதை இதே ஊரில் ஷாதிபூரில் இருக்கிற கட்சால் ஆட்கள் வழியாக அத்தை காதுக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் மெதுவாகத்தான் சொன்னார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. தொட்டில் போடுற வரைக்கும் பிள்ளைய நானே பாத்துக்கிறேன்."

"அதுதான் சரிங்க" என்றாள் அம்மா. அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தையல் வலி உயிரை எடுத்தது, எழுந்து உட்காரவே ஆள் வேண்டும், சண்டை போடத் தெம்பில்லை. அதனால்தான் அத்தை தப்பித்தார்.

உன் மருமகளோ தூங்கினாள். தூங்கித் தூங்கி, பிறகும் தூங்கினாள். மார்பில் வைத்தால் நாலு இழுப்பு இழுப்பாள், வாயைத் திறந்தபடியே கண் சொருகிவிடும். பிறந்த பிள்ளை நாளில் முக்கால்வாசி தூங்கும், அதற்கு ராத்திரி பகல் தெரியாது என்று எல்லாருக்கும் தெரிந்ததுதானே. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"தங்கம்டீ இது! உம் புருஷன் என்னைய மூணு மாசம் கண்ண மூட விடல. கத்திக் கத்தித் தெருவக் கூட்டிருவான். அவனுக்கு இப்படி ஒரு பிள்ளை!" என்று அத்தை கொஞ்சித் தீர்த்தார். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், அவர்கள் முறையில் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவோம், எட்டிப் பார்த்துவிட்டு, "ரோதீ ஹீ நஹீ! கித்னா அச்சா பச்சா!" என்று, அழவே அழாத நல்ல பிள்ளை என்று மெச்சி, கன்னத்தைத் தொட்டு முத்திக்கொண்டாள். நாத்தனார் மதுரையிலிருந்து வீடியோ காலில் வந்தாள். "அங்க அதுக்குள்ள இருட்டிருச்சா மதினி? இங்க இன்னும் வெயில் அடிக்குது. பாப்பாவக் காட்டுங்க. இன்னும் தூங்குறாளா? காலையில பாத்தப்பவும் தூங்கினாளே! குடுத்து வச்சவுங்க மதினி நீங்க."

கொடுத்து வைத்தவள். லயத்தில் அம்மாவுக்கும் இதையேதான் சொன்னார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது, அதனால் அப்போது உறைக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற அம்மா சட்டென்று பின்பக்க பால்கனிக்குப் போய், துவைத்துக் காய்ந்த துணியை மறுபடி தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அத்தை சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்த்திருந்தார். நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கதவோரம் வந்து நின்றாள், கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல தாயி."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி நிக்கிற?"

ஓரடி உள்ளே வந்தாள். பிறகு கேட்டாள், "முழுங்குற சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

"பால் குடிச்சா தொண்டையில ஒரு சத்தம் வரும் பிச்சி. க்ளக்குன்னு. கேக்குதா?"

நான் குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. உதடு சும்மா மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து துணி அவ்வளவாக நனையவில்லை என்பதும் அப்போதுதான் மனசில் தட்டியது. இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தேன் அண்ணா, காய்ந்துதான் கிடந்தது.

"அவனுக்கும் கேக்கல" என்றாள் அம்மா. "சும்மா வாய வச்சிக்கிட்டுக் கெடப்பான். எனக்கு அது தெரியல. தலைப்பிள்ளை, என்ன தெரியும் எனக்கு? எல்லாரும் நல்ல பிள்ளைன்னாங்க. நானும் நல்ல பிள்ளைன்னுதான் நெனச்சேன்."

இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. நான் பிள்ளையை அவளிடம் நீட்டினேன்.

"எழுப்பு."

"நானா? வேணாம் தாயி. உங்க அத்தைய எழுப்புறேன், அவங்க எழுப்பட்டும்."

"அத்தைக்கு எழுப்பத் தெரியாது. லயத்துல அத்தன பிள்ளையயும் எழுப்பினவ நீ. எம் பிள்ளைய மட்டும் எழுப்பமாட்டியா?"

"என் கை..."

"உன் கைக்கு என்ன கேடு? அந்தக் கைதானே என்னைய வளத்துச்சு? நான் செத்தா போயிட்டேன்? பிடி!"

நான் போட்ட கூச்சலில் அத்தை பதறி எழுந்து வந்துவிட்டார். அவர் வருவதற்குள் அம்மா பிள்ளையை வாங்கிவிட்டாள். வாங்கியதும் அவள் முகம் வேறாகிவிட்டது. கட்டிலில் கிடத்திச் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள், காது மடலைத் தேய்த்தாள், ஈரத்துணியால் நெற்றியையும் கழுத்தையும் துடைத்தாள். "எந்திரி ஆத்தா, எந்திரி. யாரு உன்னைய நல்ல பிள்ளையா இருக்கச் சொன்னது? எந்திரி!"

"ஐயய்யோ, என்ன பண்றீங்க சம்பந்தி? தூங்குற பிள்ளைய இப்படிப் போட்டு வதைக்கலாமா? பாவமில்லையா?" என்று அத்தை கையைப் பிடிக்க வந்தார்.

"அத்தை, கைய எடுங்க" என்றேன். அத்தையிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

பிள்ளை லேசாக முனகியது, அழவில்லை. அம்மா அதை ஜன்னலோரம் தூக்கிப்போய்க் கண் இமையை விலக்கிப் பார்த்தாள். வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சள். வயிறு வரைக்கும் மஞ்சள். எங்கள் ரூம் லைட்டு வெளிச்சத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. "ஆஸ்பத்திரிக்கு" என்றாள் அம்மா. செருப்புப் போடாமலே கீழே இறங்கி ஆட்டோவை நிறுத்தினாள்.

டாக்டர் பார்த்ததும் உடனே சேர்த்துக்கொண்டார். மஞ்சள் காமாலை ஏறினால் பிள்ளை சோர்ந்து தூங்குமாம், தூங்கினால் பால் குடிக்காதாம், பால் குடிக்காவிட்டால் மஞ்சள் இன்னும் ஏறுமாம். ஒன்று பிடித்து ஒன்று இழுக்கிற மாதிரி. "பிறந்த பிள்ளை நிறையத் தூங்கும், அது சரி. ஆனால் பாலுக்குத் தானாக முழிக்கணும். முழிக்கவில்லையென்றால் நீங்கள் எழுப்பணும். எடை ஏறுகிற வரைக்கும் தூங்கட்டும் என்று விடவே கூடாது" என்று ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னார். கண்ணைக் கட்டி, மஞ்சள் இறங்க ஒரு கண்ணாடிப் பெட்டியில் நீல வெளிச்சத்துக்கு அடியில் போட்டார்கள்.

அம்மா அந்தப் பெட்டி பக்கத்தில் போட்ட ஸ்டூலை விட்டு அசையவில்லை. டாக்டர் மறுபடி வந்தபோது எழுந்து நின்றாள். எனக்கு ஒரு பையன் இருந்தான், அவனும் இப்படித்தான் தூங்கினான், போய்விட்டான் என்று தன் கட்சால் ஹிந்தியில் சொன்னாள். பிறகு கேட்டாள், "மை சோ கயீ தீ. மேரா கல்தி தா க்யா?" நான் தூங்கிப்போனேன், என் தப்பா அது?

டாக்டர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். "அந்தப் பிள்ளைக்கு என்ன என்று இப்போது நான் சொல்ல முடியாது அம்மா" என்றார். "ஆனால் ஒன்று சொல்கிறேன். மா கே சோனே ஸே பச்சா பீலா நஹீ ஹோதா." தாய் தூங்கினதால் எந்தப் பிள்ளையும் மஞ்சளாகாது.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள், சுவரில் தலையைச் சாய்த்தாள், தூங்கிவிட்டாள். பட்டப்பகலில், ஆஸ்பத்திரிச் சத்தத்துக்கு நடுவே, வாயைத் திறந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம். பேத்தியை நர்ஸ் பாலுக்கு எழுப்பினார். அம்மாவை எழுப்ப நான் விடவில்லை.

இப்போது உன் மருமகளைப் பார்க்க வேண்டுமே! மஞ்சள் இறங்கி வீட்டுக்கு வந்தபின் ஒரே ராச்சியம்தான். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி விழிப்பு. பசித்தால் ஒரு கத்து, நனைந்தால் ஒரு கத்து, காரணமே இல்லாமல் பத்துக் கத்து. இன்னும் சில வாரம் போனால் ராத்திரி எது பகல் எது என்று பிடிபடும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கென்ன அவசரம்? தூங்கும்போது பால் நேரம் வந்தால் நான் எழுப்புகிறேன். முழித்துக்கொண்டு கத்தினால் கத்தட்டும் என்று விடுகிறேன். கண்ணுக்குக் கீழே எனக்குக் கருவளையம் போட்டாயிற்று. இவ்வளவு சந்தோஷமாக நான் களைத்துப் போனதே இல்லை.

கீழ்வீட்டு ஆபீசர் ஒரு நாள் படியில் மறித்து, "மேடம், பேபி நைட்ல ரொம்ப அழுவுது போல?" என்றார். "ஆமா சார், நல்லா அழுவுறா. முருகன் புண்ணியம்" என்றேன். மனுஷன் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். அத்தையையும் சும்மா சொல்லக்கூடாது. தன் போனில் சுப்ரபாதத்தை அலாரமாக வைத்திருக்கிறார். அது அடித்ததும் என்னை முந்திக்கொண்டு போய்ப் பிள்ளையின் காலைச் சுண்டுகிறார், "பாவம்டீ, பாவம்டீ" என்று சொல்லிக்கொண்டே. அம்மாவிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட மட்டும், "சம்பந்தி, நீங்க வாங்க, எனக்கு இடுப்பு வளையல" என்று கூப்பிடுகிறார். அவர் இடுப்பு நன்றாகவே வளையும்.

இத்தோடு விஷயம் முடியவில்லை அண்ணா. போன வாரம் தொட்டில் போட்டோம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

தொட்டிலுக்குச் சேலை தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது அத்தை வீட்டு வழக்கம். அத்தை ஏற்பாட்டில் கெட்டிக்காரர். "உனக்குக் கூடப் பொறந்தவன் இல்லையே. ஷாதிபூர்ல இருக்கானே உங்க சித்தப்பா மகன், அவனைக் கூப்பிட்டு நிப்பாட்டிருவோம். சேலை நம்மளே எடுத்துக் குடுத்திரலாம். தாய்மாமன் இல்லாத பிள்ளைன்னு நாளைக்கு யாரும் சொல்லிறக் கூடாதுல்ல?" என்றார். கூடத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பௌதி இருக்கிறாள், செல்வத்தின் ஆபீஸ் ஆட்கள் இருக்கிறார்கள், ஷாதிபூர்க் கட்சால் சனம் ஒரு வரிசை இருக்கிறது. வீடியோ காலில் நாத்தனார் வேறு.

"எம் பிள்ளைக்குத் தாய்மாமன் உண்டு அத்தை" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. "பிச்சம்மா, நல்ல காரியத்துல அந்தப் பேச்சு வேணாம்மா."

"எந்தப் பேச்சு? எங்கம்மா வயித்துல எனக்கு முந்திப் பொறந்தவன் எங்க அண்ணன். உசுரோட இல்லைங்கிறதுக்காக முறை இல்லாம போயிருமா? செத்துப்போன மாமனாருக்குப் படம் மாட்டிப் பூப்போடுறோம். எங்க அண்ணன் பேரச் சொன்னா மட்டும் தீட்டா?"

கட்சால் சனம் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டது. நான் அவர்களைத்தான் பார்த்துச் சொன்னேன். செல்வம்தான், சண்டை என்றால் மாடியேறிப் போய்விடுகிற மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, அவ சொல்றபடியே செய்வோம். மச்சான் சீர் வேணும்" என்றார். இந்த ஒரு பேச்சுக்காக அவர் செய்த, செய்யப்போகிற எல்லாத் தப்பையும் மன்னித்துவிட்டேன்.

"சீருன்னா சேலை எங்க?" என்றார் அத்தை. அவரும் விடுகிறவர் இல்லை.

அப்போது அம்மா எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த ரெக்சின் பையை இழுத்தாள். அடியில் பேப்பரில் சுற்றி ஒரு நூல்சேலை, புதுசு, மஞ்சளும் பச்சையும். "கப்பல் ஏறுறப்பவே எடுத்து வச்சேன்" என்றாள். "எம் மகன் சீரா குடுக்கணும்னு. குடுக்கத்தான் தைரியம் வரல."

அத்தை அந்தச் சேலையை வாங்கி விரித்துப் பார்த்தார். ஒரு கணம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்ல துணியா இருக்கு. பிள்ளைக்கு உறுத்தாது" என்றார். தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கொக்கியில் சேலையைக் கட்டினார். அம்மா பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். ராசியில்லாத கை என்று சொல்லப்பட்ட அதே கை. எல்லார் முன்னாலும், நடுக்கமில்லாமல்.

பிள்ளையின் காதில் பேர் சொல்ல வேண்டும். அம்மா குனிந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "முதல்ல மாமன் பேரச் சொல்றேன்" என்றாள்.

"அவனுக்குத்தான் பேரே வைக்கலையே?" என்றது கட்சால் வரிசையில் ஒரு குரல்.

"நீங்க வைக்கல. நான் வச்சிருந்தேன்" என்றாள் அம்மா. வயிற்றில் நீ இருக்கும்போதே வைத்துவிட்டாளாம். தொட்டில் போடும் அன்று சொல்லலாம் என்று வாய்க்குள்ளேயே வைத்திருந்தாளாம். இத்தனை வருஷம்! நம் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அன்றைக்குச் சத்தமாகச் சொன்னாள், கூடமே கேட்கும்படி, மூன்று தடவை. கதிரேசன். கதிரேசன். கதிரேசன். அப்புறம்தான் உன் மருமகள் பேரை அவள் காதில் சொன்னாள். அவள் கேட்டால்தானே? தொட்டில் கிழிகிற மாதிரி வீறிட்டு அழுதாள். உஸ் உஸ் என்று அடக்க ஒருத்தரும் வரவில்லை.

ஆக, உனக்குப் பேர் இருக்கிறது அண்ணா. நீ நல்ல பிள்ளை இல்லை. நீ உடம்புக்கு முடியாமல் கிடந்த பிள்ளை. அழத் தெம்பில்லாமல் கிடந்ததைக் குணம் என்று ஊர் சொல்லிவிட்டது. என் பெண்ணுக்கு அந்தப் பட்டம் யார் கொடுக்க வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்புவேன். அவள் அடம் பிடிக்கட்டும், எதிர்த்துப் பேசட்டும், இந்த டெலானிபூர் மேடே கேட்கும்படி கத்தட்டும். வகுப்பில் சத்தமே போடாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், இனி முதலில் அதன் பக்கத்தில்தான் போய் நிற்பேன்.

உனக்கும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அம்மா இப்போதைக்குக் கட்சாலுக்குத் திரும்பவில்லை. பிறகு போகும்போது நாங்களும் அதே கப்பலில் போவோம், நானும் செல்வமும் உன் மருமகளும். உன் தென்னந்தோப்பு இருந்த இடத்துக் கரையில் நின்று, கடலைப் பார்த்து, உன் பேர் சொல்லிக் கூப்பிடுவோம். ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவோம். உன் மருமகள் பேசக் கற்றுக்கொண்டதும் மாமா என்று அவள் கூப்பிடுவாள், அவள் குரலின் லட்சணம் உனக்குத்தான் இப்போது தெரியுமே. தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டில் எழுப்புவோம். கதிரேசன் அண்ணா, இனிமேல் உன்னையும்தான்.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் பிறந்து, தவிட்டுக்கு விலைபோய்த் திரும்பி வந்த உன் தங்கச்சி,
பிச்சையம்மாள்